மண் பரிசோதனைக்கூடத்தில் கந்தக அமிலம்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

காவிரி டெல்டாவில் மண் பரிசோதனைக்கு ஒரு பருவம் உண்டு. தாளடி அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் வயல் காய்ந்து கிடக்கும். அப்போதுதான் மண் பைகள் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வரும். புது ஆட்கள் வந்து சேர்வதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். வெளியே சித்திரை வெயில், உள்ளே வேலை நெருக்கடி, கையில் அடர் கந்தக அமிலம்.

செய்முறைக் கையேடு உங்களிடம் இருக்கும். அதில் "அமிலத்தைக் கவனமாகச் சேர்க்கவும்" என்று ஒரு வரியும் இருக்கும். அந்தக் "கவனமாக" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே பிரித்துச் சொல்கிறோம்.

பாட்டிலில் இருப்பது என்ன

கூடத்துக்கு வரும் அமிலம் பொதுவாக 98 சதவீதம். ஒரு மில்லி 1.84 கிராம் எடை. 2.5 லிட்டர் பாட்டிலில் அமிலம் மட்டுமே 4.6 கிலோ, கண்ணாடியோடு சேர்த்தால் ஆறு கிலோவை நெருங்கும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருப்பதால் கை அந்தப் பலத்தோடுதான் தூக்கப் போகும். தூக்கியதும் ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணம் போதும்.

நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூடியைத் திறந்ததுமே புகைந்து மூக்கைக் குத்தும். நைட்ரிக் அமிலம் தோலை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கந்தக அமிலம் சாதாரண வெப்பத்தில் ஆவியாவதே இல்லை எனலாம். மேசையில் ஒரு சொட்டு கிடந்தால் தண்ணீர்ச் சொட்டு போலவே இருக்கும், ஆனால் உலராது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பெருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடற்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காலையில் ஒருவர் சிந்தியதன் மேல் சாயங்காலம் இன்னொருவர் முழங்கையை ஊன்றுவார். மேசையில் எந்த ஈரத்தைப் பார்த்தாலும் அதை அமிலம் என்றே வைத்துக்கொண்டு, லிட்மஸ் தாளால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

அமிலம் மூன்று விதமாகக் கெடுக்கும். அமிலமாக அரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது, பருத்தி, மரம், தாள், தோல் என எதில் பட்டாலும் அதிலிருந்து நீரைப் பிடுங்கிக் கரியாக்கிவிடும். மூன்றாவது, தண்ணீரோடு சேரும்போது கிளம்பும் சூடு. கூடத்தில் நடக்கும் தெறிப்பு, வெடிப்பு, கண்ணாடி விரிசல் எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் இருக்கும். அதனால் கட்டுரை முழுக்க இந்தச் சூட்டையே பின்தொடர்ந்து போகிறோம்.

மூடியைத் திறப்பதற்கு முன்

முதலில் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, எவ்வளவு வேகத்தில் வருகிறது? உடம்பில் அமிலம் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் 200 லிட்டர் வேண்டும். மின்சாரம் இல்லாமல், மோட்டார் ஓடாமல், மேல்தொட்டி காலியாக இருக்கும் நாளில் அமில வேலையைத் தள்ளிப்போடுவதுதான் சரி. மண் ஒரு நாள் காத்திருக்கும். கண் கழுவும் குழாய் இருந்தால் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள். மாதக்கணக்கில் திறக்காத குழாயிலிருந்து முதலில் வருவது துருத் தண்ணீர்; அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது.

அடுத்து உடுப்பு. கால் முழுவதும் மூடிய ஷூ, கணுக்கால் வரை கால்சட்டை அல்லது சுடிதார். செருப்போடு அமில மேசைக்குப் போகவே வேண்டாம். சிந்துவது முதலில் பாதத்தில்தான் விழும். துப்பட்டாவை ஏப்ரனுக்குள் விட்டுக் கட்டிவிடுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். அவற்றுக்கு அடியில் போன சொட்டு தண்ணீரில் கழுவினாலும் போகாது. பருத்திக் கோட் தேவைதான், ஆனால் அது அமிலத்தைத் தடுக்காது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். துவைத்து எடுத்த கோட்டில் திடீரென்று சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால், போன வாரம் அங்கே கண்ணுக்குத் தெரியாத தெறிப்பு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டிலிலிருந்து ஊற்றும் வேலைக்குக் கோட்டுக்கு மேல் ரப்பர் ஏப்ரன் போட வேண்டும்.

கையுறையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மருந்துக்கடையில் நூறு எண்ணிக்கைப் பெட்டியில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல், லேடக்ஸ் உறைகள் நீர்த்த அமிலத்துக்குச் சரி. 98 சதவீத அமிலத்தைச் சில நிமிடம்கூட அவை தாங்கும் என்று நம்ப முடியாது. ஊற்றுவதற்குத் தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் உறை வாங்கிவையுங்கள். போடும் முன் ஊதி, வாயை முறுக்கிப் பிடித்துக் கன்னத்தருகே வைத்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று படும்.

கண்ணாடி என்றால் பக்கங்களும் மூடிய, முகத்தோடு ஒட்டி நிற்கும் தெறிப்புக் கண்ணாடி. பார்வைக்குப் போடும் மூக்குக்கண்ணாடி இதற்கு உதவாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் உள்ளே பனி படரும், வியர்வை கண்ணில் இறங்கும். உடனே கை தானாகவே கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளும், இல்லாவிட்டால் உறை போட்ட கையால் வியர்வையைத் துடைக்கும். இரண்டுமே ஆபத்து. பாத்திரம் துலக்கும் சோப்பை ஒரு துளி தடவி மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் போட்டால் பனி குறையும். நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பத்து மாதிரிக்கு ஒருமுறை மேசையை விட்டு விலகி, உறையைக் கழற்றி, கை கழுவி, அதற்கப்புறம் முகத்தைத் துடையுங்கள்.

தூக்குவதும் ஊற்றுவதும்

பாட்டில் கழுத்தில் இருக்கும் சின்ன வளையம் தூக்குவதற்கு அல்ல, ஊற்றும்போது விரல் பிடிப்புக்கு மட்டும். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். அறை மாற்ற வேண்டுமானால் பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொண்டுபோங்கள். உடைந்தாலும் வாளிக்குள்ளேயே நிற்கும்.

ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். சொட்டு வழிந்தால் லேபிளுக்கு எதிர்ப்பக்கம் வழியும். நாளைக்குப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியும். ஊற்றி முடித்ததும் பாட்டில் வாயை அளவுச்சாடியின் விளிம்பில் தொட்டு கடைசிச் சொட்டை அங்கேயே விடுங்கள். மேலே மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வாயால் உறிஞ்சிப் பிப்பெட்டில் எடுக்கும் பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

தினம் ஐம்பது மாதிரி செய்யும் கூடத்துக்குப் பாட்டில் மேல் பொருத்தும் டிஸ்பென்சர் ஒன்று வாங்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு அழுத்தத்தில் சரியாக 20 மில்லி வரும். ஆனால் காலையில் முதல் அழுத்தம் காற்றுக் குமிழோடு துப்பும். அதை மாதிரிக் குடுவையில் விடாமல், காலி பீக்கரில் இரண்டு தடவை அழுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

அளவுச்சாடியைக் கழுவும்போது நடக்கும் தவறு எல்லாக் கூடத்திலும் ஒன்றுதான். அடியில் அரை மில்லி அடர் அமிலம் ஒட்டியிருக்க, சாடியை நேராகக் குழாய்க்கடியில் நீட்டுவார்கள். தண்ணீர் உள்ளே விழுந்ததும் சுருக்கென்று கொதித்து முகத்துக்கு நேராகத் தெறிக்கும். பெரிய பீக்கரில் அரை லிட்டர் தண்ணீர் பக்கத்திலேயே வைத்திருங்கள். சாடியில் மிஞ்சியதை அதில் கவிழ்த்து வடியவிட்டு, அதன் பிறகு குழாய்க்குப் போங்கள்.

நீர்க்கச் செய்தல்: 5 நார்மல் அமிலம்

தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. காரணத்தையும் பிடித்துக்கொண்டால் மறக்காது. அமிலம் கனமானது, தண்ணீர் இலேசு. அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால் அது கீழே இறங்காமல் மேலேயே மிதந்து, சேரும் இடத்தில் அத்தனை சூட்டையும் தானே வாங்கிக் கொதித்து வெடிக்கும். தண்ணீரில் அமிலத்தை விட்டால் அது கீழே இறங்கும். சுற்றியுள்ள தண்ணீர் முழுதும் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும்.

பாஸ்பரஸ் பரிசோதனைக்கு 5 நார்மல் அமிலம் வேண்டும் (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). ஒரு லிட்டருக்கு 140 மில்லி அடர் அமிலம். இரண்டு லிட்டர் போரோசிலிகேட் பீக்கரில் 700 மில்லி காய்ச்சி வடித்த நீர் எடுத்து, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பில் அந்தப் பீக்கரை நிறுத்துங்கள். 140 மில்லியையும் ஒரே மூச்சில் விட்டால் வெப்பம் 50 டிகிரி போல ஏறும். நம் கூடத்துத் தண்ணீர் காலையிலேயே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆக 80-ஐத் தாண்டிவிடும். அதனால் 15, 20 மில்லியாக, கண்ணாடிக் குச்சி வழியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, பீக்கரின் வெளிப்புறத்தைத் தொட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்ததை விடுங்கள். கலக்காமல் விட்டால் அமிலம் அடியில் பாகு மாதிரித் தங்கும். கடைசியில் குச்சியைப் போட்டுக் கலக்கும்போது மொத்தமாகப் பொங்கும். வேலை அரை மணி நேரம் பிடிக்கும். முழுதும் ஆறிய பின்தான் ஒரு லிட்டர் அளவுக்குடுவைக்கு மாற்றிக் கோடு வரை நிரப்ப வேண்டும்.

அளவுச்சாடி, அளவுக்குடுவை, தடித்த ரீஏஜென்ட் பாட்டில் எதிலும் நேராக நீர்க்கச் செய்யக் கூடாது. தடித்த கண்ணாடி ஒரு பக்கம் சூடாகி விரியும், மறுபக்கம் விரியாது. அடி கழன்று விழும்.

ஒரு சின்ன விஷயம் பலர் கவனிப்பதில்லை. டைஃபினைலமின் இண்டிகேட்டர் (நிறம் மாறி முடிவைக் காட்டும் கரைசல்) தயாரிக்க 20 மில்லி தண்ணீரும் 100 மில்லி அடர் அமிலமும் சேர்க்கச் சொல்லியிருக்கும். அளவு கொஞ்சம்தானே என்று அலட்சியம் வரும். ஆனால் இங்கே சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் போதாது. வேகமாக விட்டால் கலவை 100 டிகிரியைத் தாண்டும். ஒரு லிட்டர் 5 நார்மலைவிட இந்த 120 மில்லிதான் அதிகம் தெறிக்கும். ஐஸ் தண்ணீர் டப்பில் வைத்து, ஐந்தைந்து மில்லியாக விடுங்கள்.

அங்கக் கார்பன் பரிசோதனை: அமிலம் நேரடியாக வேலை செய்யும் இடம்

வாக்லி, பிளாக் இருவரும் இந்த முறையை வெளியிட்டது 1934-இல். மேட்டூர் அணை திறந்ததும் அதே வருடம்தான். இன்றும் டெல்டாவில் மண்ணின் அங்கக் கார்பனைப் பார்க்க இதைத்தான் செய்கிறார்கள். 500 மில்லி கோனிகல் ஃப்ளாஸ்கில் சலித்த மண் 1 கிராம், 1 நார்மல் பொட்டாசியம் டைக்ரோமேட் 10 மில்லி, அதன் மேல் அடர் கந்தக அமிலம் 20 மில்லி. அரை மணி நேரம் வைத்து, 200 மில்லி தண்ணீர், 10 மில்லி பாஸ்பாரிக் அமிலம், 1 மில்லி இண்டிகேட்டர் சேர்த்து, 0.5 நார்மல் ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் பளிச்சென்ற பச்சை வரும்வரை டைட்ரேட் செய்வது, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது.

இந்த முறைக்கு வெளியிலிருந்து அடுப்பு கிடையாது. அமிலமும் டைக்ரோமேட் கரைசலிலுள்ள தண்ணீரும் சேரும் சூடுதான் அடுப்பு. கலவை சுமார் 120 டிகிரிக்குப் போகும். அதாவது இங்கே சூடு வேண்டும். கையேட்டில் "வேகமாகச் சேர்க்கவும்" என்று இருப்பது அதனால்தான். மெல்ல மெல்ல விட்டால் சூடு ஏறாது, கார்பன் குறைவாகக் காட்டும். ஆக 5 நார்மலுக்குப் பழகிய நிதானம் இங்கே தப்பு. அதற்குப் பதிலாக எச்சரிக்கையை வேறு இடங்களில் வைக்க வேண்டும்.

ஃப்யூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு), கண்ணாடிக் கதவை முகத்துக்குக் கீழே இறக்கிவைத்துச் செய்யுங்கள். ஹூட் இல்லாத கூடமானால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்து மேடையும் முகக்கவசமும். முதலில் மண்ணையும் டைக்ரோமேட்டையும் சுழற்றிக் கலந்துவிடுங்கள். உலர்ந்த மண் கட்டியாக அடியில் கிடந்தால் அமிலம் அதன் மேல் விழுந்து திடீரென்று சீறும். ஃப்ளாஸ்க் வாய் உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்க்காமல் இருக்கட்டும். அமிலத்தை மண்ணின் மேல் படும்படி விட்டு, உடனே ஒரு நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். ஆரஞ்சு நிறம் கறுத்துப் பழுப்பாகும், வாயில் மெல்லிய ஆவி நிற்கும், கழுத்தைப் பிடித்த விரலுக்கே சூடு வந்து சேரும். அடியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஃப்ளாஸ்கைக் கடப்பாக் கல் மேடையில் நேராக வைக்காதீர்கள். கல் சூட்டை இழுத்துவிடும். கண்ணாடியும் விரிசல் விடலாம். பழைய கையேடுகள் ஆஸ்பெஸ்டாஸ் தகடு சொல்லும். அதற்குப் பதில் தடித்த பிளைவுட் பலகை போதும்.

அரை மணி கழித்து 200 மில்லி தண்ணீர் சேர்க்கும் கட்டம். நின்று யோசித்தால் இங்கே நாம் அமிலத்தில் தண்ணீரை ஊற்றுகிறோம்! விதியைக் கையேடே மீறச் சொல்லும் இடம் இது. அமிலம் ஏற்கெனவே கொஞ்சம் நீர்த்திருப்பதாலும், அரை மணி ஆறியிருப்பதாலும்தான் இது சாத்தியமாகிறது. ஆனால் மொத்தச் சூட்டில் ஏறத்தாழப் பாதி இன்னும் வெளிவராமல் உள்ளேயே இருக்கிறது. அதனால் நேரம் போகிறது என்று பதினைந்தாவது நிமிடத்திலேயே தண்ணீரைக் கொட்டினால் பொங்கித் தெறிக்கும். முழு முப்பது நிமிடம் விடுங்கள். முதல் 30 மில்லியை உள்சுவரோடு வழியவிட்டுச் சுழற்றுங்கள். அது அடங்கிய பின் மீதியை விடலாம். வாஷ் பாட்டிலால் நடுவில் பீய்ச்ச வேண்டாம்.

500 மில்லி ஃப்ளாஸ்க் பற்றாக்குறையில் 250 மில்லியில் செய்வதுண்டு. சேர்ப்பதையெல்லாம் கூட்டினால் டைட்ரேஷனுக்கு முன்பே 240 மில்லி வந்துவிடும். சுழற்ற இடமே இருக்காது, விளிம்பு வழியாக அமிலம் கையில் வழியும். அதைவிட மாதிரி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

நம் பகுதி மண்ணுக்கென்று சில தொல்லைகள் உண்டு. சேற்று வயலிலிருந்து ஈரத்தோடு வந்த மண்ணை நிழலில் நன்றாக உலர்த்தாமல் எடுத்தால் அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு டைக்ரோமேட்டைத் தின்றுவிடும், கார்பன் கூடுதலாகக் காட்டும். கடைமடையில், வேதாரண்யம், நாகை ஓர மண்ணில் உப்பு இருக்கும். குளோரைடும் டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் குரோமைல் குளோரைடு என்ற செம்பழுப்புப் புகை வரும். மூச்சுக்கும் கேடு, கணக்கும் தப்பு. உப்பு மண் என்று தெரிந்தால் லிட்டருக்கு 12.5 கிராம் வெள்ளி சல்பேட் முன்கூட்டியே கரைத்துவைத்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்த வேண்டும். விலை அதிகம்தான், அதனால் மின்கடத்துத்திறன் பார்த்து, உப்புள்ள மாதிரிகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரே நாளில் செய்துவிடுங்கள். கடலோர மண்ணில் சிப்பித் துண்டும் கலந்திருக்கும். சுண்ணாம்பு அமிலத்தில் நுரைத்துப் பொங்கும். ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் முன்பே தெரிந்துவிடும்.

அமிலம் சேர்த்துச் சுழற்றியதும் ஃப்ளாஸ்க் பச்சையாகிவிட்டால் டைக்ரோமேட் முழுதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். எருக்குழி ஓரத்து மண், மட்கிய வைக்கோல் கலந்த மண் இப்படிச் செய்யும். அதே ஃப்ளாஸ்கில் இன்னும் டைக்ரோமேட்டும் அமிலமும் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அரை கிராம் மண்ணோடு புதிதாகத் தொடங்குங்கள்.

சில கையேடுகள் பாஸ்பாரிக் அமிலத்தோடு சோடியம் ஃபுளோரைடும் போடச் சொல்லும். அமிலத்தில் அது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகும். அது தோலுக்குள் வலியில்லாமல் இறங்கி எலும்பு வரை போகக்கூடியது. இரும்பைக் கட்டிப்போடும் அதே வேலையைப் பாஸ்பாரிக் அமிலமே செய்துவிடுகிறது. ஃபுளோரைடை விட்டுவிடலாமா என்று கூடப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் எதை வைக்கக் கூடாது

இதே கூடத்தில் தழைச்சத்துப் பரிசோதனைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். அந்தப் படிகத்தில் அடர் கந்தக அமிலம் பட்டால் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு என்ற பசுமை கலந்த எண்ணெய் மாதிரிப் பொருள் உண்டாகும். அது தானாகவே வெடிக்கும், தாளோ துணியோ பட்டால் தீப்பிடிக்கும். ஒரே அலமாரி, ஒரே தட்டு, ஒரே ஸ்பேட்டுலா எதுவும் இந்த இரண்டுக்கும் பொதுவாக இருக்கக் கூடாது. அமிலம் சிந்திய மேசையில் பெர்மாங்கனேட் எடை போடவும் கூடாது.

ப்ளீச்சிங் பவுடர், ஆல்கஹால், அசிட்டோன், அமோனியா ஆகியவையும் தனி இடத்தில் இருக்கட்டும். அமில பாட்டில் எப்போதும் இடுப்புக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டில். இரும்பு பீரோ வேண்டாம். அடர் அமிலம் இரும்பைப் பெரிதாகத் தொடாது. ஆனால் ஈரம் சேர்ந்து நீர்த்துவிட்டால் இரும்பை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

கழிவறை கழுவவென்று கொஞ்சம் அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரச் சொல்லி யாராவது கேட்டால், யாராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

சிந்தினால்

நம் பக்கத்தில் எது சிந்தினாலும் உமியோ மரத்தூளோ போட்டு அள்ளுவது வழக்கம். அமிலத்துக்கு இரண்டுமே ஆகாது. கருகும், சூடேறும், புகையும். பழந்துணியும் அப்படியே. உலர்ந்த ஆற்று மணல் ஒரு வாளி அறையிலேயே இருக்கட்டும். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள சிப்பி பொங்கும்.

முதலில் மற்றவர்களை விலக்குங்கள், ஷூவும் கண்ணாடியும் இருக்கிறதா என்று பாருங்கள். சிந்தியதைச் சுற்றி மணலால் வரப்புக் கட்டுங்கள், வயலில் கட்டுகிற மாதிரியேதான். பிறகு நடுவிலும் மணலைப் போட்டு உறிஞ்சவிடுங்கள். பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி வாளியில் போட்டு, தரையில் மிஞ்சியதன் மேல் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. அதன் பிறகுதான் தண்ணீர்.

100 மில்லி அடர் அமிலத்தை முழுக்கச் சமன்செய்ய 310 கிராம் சமையல் சோடா வேண்டும். அதிலிருந்து கிளம்பும் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 90 லிட்டர். ஒரு பாக்கெட் சோடாவை மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். கூடத்தில் குறைந்தது இரண்டு கிலோ சோடா இருக்கட்டும். முழு பாட்டிலே உடைந்துவிட்டால் சோடாவை நம்ப வேண்டாம். மணலால் தடுத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

உடம்பில் பட்டால்

தண்ணீர். உடனே, நிறைய, ஓடும் தண்ணீர். கொஞ்சம் தண்ணீர்தான் சூட்டைக் கிளப்பும். ஏராளமாக ஓடும் தண்ணீர் சூட்டையும் அமிலத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்துணியால் துடைக்கப் பார்ப்பதுதான் கெடுதல். தண்ணீருக்கடியில் நின்றுகொண்டே நனைந்த உடுப்பைக் கழற்றுங்கள். தலைவழியாகக் கழற்றாமல் வெட்டி எடுங்கள். அந்த நேரத்தில் வெட்கம் பார்க்க வேண்டாம். மற்றவர்கள் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுங்கள், எரிச்சல் குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

தோலில் சோடா தடவக் கூடாது. அங்கே அமிலம் சமனாவதும் சூட்டைத்தான் தரும். பேனா மை, பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கண்ணில் பட்டால் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, 20 நிமிடம். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அது கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், நல்ல கண்ணுக்குத் தண்ணீர் வழியக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்க வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். வாயில் போய்விட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்கு. வாந்தி எடுக்க வைத்தால் தொண்டை இரண்டாவது முறை வேகும். சோடா குடிக்கக் கொடுத்தால் வயிற்றுக்குள் வாயு பொங்கும். பாட்டில் லேபிளைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். டைக்ரோமேட் கலந்த அமிலம் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை வேறுபடும்.

கழிவும் பதிவேடும்

ஐம்பது மாதிரிக்கு ஒரு நாளில் ஒரு லிட்டர் அடர் அமிலம் ஃப்ளாஸ்குகளில் போகிறது, கூடவே குரோமியம். அதைப் பக்கத்து வாய்க்காலில் விடுவது கூடத்துக்கு மண் அனுப்பிய விவசாயியின் வயலிலேயே விடுவதற்குச் சமம். பச்சை முடிவுப்புள்ளி வரை டைட்ரேட் செய்த ஃப்ளாஸ்கில் குரோமியம் கேடு குறைந்த மூன்றிணைதிற வடிவுக்கு வந்திருக்கும். மிஞ்சிய டைக்ரோமேட், பாதியில் விட்ட ஃப்ளாஸ்குகள் ஆகியவற்றில் அப்படி இல்லை; அவை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அவற்றிலும் ஃபெரஸ் கரைசலை விட்டுப் பச்சையாக்கிய பிறகே பொதுக் கழிவு ட்ரம்மில் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் ட்ரம்மில் முதலில் பாதி தண்ணீர், பிறகு கழிவு. வார இறுதியில் சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச். 8-க்கும் 9-க்கும் இடையில் கொண்டுவந்தால் குரோமியம் பச்சைச் சேறாக அடியில் தங்கும். சேற்றை உலர்த்தி, பெயர் ஒட்டி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். கண்ணாடிச் சாமான் கழுவ டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த குரோமிக் அமிலத்தைத் தயாரிக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆய்வக சோப்பில் ஒரு இரவு ஊறவைத்தாலே போதும்.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனை குறித்துப் பிறப்பித்த உத்தரவு ஆய்வகங்களையும் கட்டுப்படுத்துகிறது. கல்வி நிலையங்களும் ஆய்வகங்களும் அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், இருப்புக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் தொடக்க இருப்பு, எடுத்த அளவு, எதற்கு, மீதி, கையெழுத்து ஆகியவற்றை மில்லியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பும் பதிவேட்டில் 300 மில்லி காணாமல் போனது யாருக்கும் தெரியாது.

காலி பாட்டிலை மூன்று முறை தண்ணீரில் அலசி, அலசிய தண்ணீரைக் கழிவு ட்ரம்மில் ஊற்றி, லேபிளை மார்க்கரால் அடித்துவிடுங்கள். பினாயில் ஊற்றவோ எண்ணெய் வைக்கவோ வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்பவர்கள் இருப்பார்கள். முதல் அலசலுக்கு பாட்டிலில் முன்கூட்டியே தண்ணீரைப் பீய்ச்சாமல், வாளித் தண்ணீருக்குள் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தங்கிய கடைசி மில்லிகளை வடியவிட்டு, அதன் பிறகு அலசுங்கள்.